மகன் அம்மம்மாவின் காசை எடுக்கிறான், என்ன செய்வது?

கொக்குவில் தாய்:
வணக்கம். இதை எழுதுவதற்கு இரண்டு நாள் யோசித்தேன். ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் பொழுதுபட முதல் சந்தி வரைக்கும் போய்விடும். அதனால்தான் இங்கே.

மகனுக்குப் பதினொன்றரை வயது, தரம் 6. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்ததால் இந்த வருசம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து ரவுணில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். கணவர் கட்டாரில், டோகாவில். வீட்டில் நான், அம்மா, மகன், ஆறு வயது மகள். அம்மாவுக்கு மாதாமாதம் அப்பாவின் பென்சன் வரும். எடுத்துவந்து அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே ஒரு துணிப்பையில் வைப்பார், எண்ணி வைக்கும் பழக்கம் கிடையாது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தின கிழமை 500 ரூபா குறைகிறது என்றார். வயதுபோன மனுசி, எங்காவது குடுத்துவிட்டு மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். பிறகு ஆயிரம். எனக்கு யார்மேல் சந்தேகம் வந்தது தெரியுமோ, வீட்டு வேலைக்கு உதவியாக வரும் அக்காமேல். நேராகக் கேட்கவில்லை, "அலுமாரிப் பக்கம் கூட்டேக்க ஏதும் கண்டனீங்களோ" என்று மட்டும் கேட்டேன். அவவுக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கும்போது மகனின் காற்சட்டைப் பையில் ஒரு ஆயிரம் ரூபாத் தாள், எட்டாக மடித்துத் தபால் முத்திரை அளவுக்கு ஆக்கி வைத்திருந்தான். விரித்ததும் நப்தலின் மணம். அம்மா சீலைகளுக்குள் போடும் அதே உருண்டை. எனக்குக் கால் பதறிவிட்டது. கூப்பிட்டுக் கேட்டால் முதலில் "றோட்டில கிடந்தது", பிறகு "அம்மம்மா தந்தவ". அம்மாவைக் கேட்டால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் "ஓம், நான்தான் குடுத்தனான்" என்கிறார்! ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம்தான் அதே காசைக் காணவில்லை என்று சாமி அறையில் இருந்து புலம்பியவர்.

பிறகு அண்ணா வந்தார், கதை தெரிந்து இடுப்புப்பட்டியால் நாலு போட்டார். மகன் அழவே இல்லை. ஒன்பதாம் நாள் என் பேர்சில் இருந்து 500 போய்விட்டது.

என்ன செய்யிறது, சொல்லுங்கோ. இவருக்கு (டோகாவில்) இன்னும் சொல்லவில்லை.

வடமராட்சிக்காரன்:
தங்கச்சி, நாலு அடி காணாது. நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் மனிசரானோம். என் அப்பு பூவரசந்தடி முறிய முறிய அடிப்பார், பிறகு என்னையே அனுப்பி அடுத்த தடி வெட்டிவரச் சொல்லுவார். இன்றுவரைக்கும் மற்றவனின் ஒரு சதம் தொட்டது கிடையாது. இப்போது பிள்ளைக்கு அடித்தால் குற்றம், ஏசினால் குற்றம், பிறகு எப்படித் திருந்தும்? தெரிந்த பொலிஸ்காரர் யாரும் இருந்தால் ஒருக்கா கொண்டுபோய் வாங்கில் இருத்தி வெருட்டிவிடுங்கோ. ஒரு நாள் போதும்.

கச்சேரியடி:
அண்ணை, பொலிசுக்குக் கொண்டுபோவது பற்றி ஒன்று சொல்லவேணும், ஏனென்றால் ஊரில் கனபேர் இதைச் செய்கிறார்கள். இலங்கைச் சட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. முன்னர் அது எட்டு வயதாக இருந்தது, 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திப் பன்னிரண்டு ஆக்கினார்கள். பன்னிரண்டிலிருந்து பதினாலு வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தான் செய்வது விளங்கும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கவேணும். பதினொன்றரை வயதுப் பெடியன்மேல் பொலிஸ் குற்ற வழக்குப் போட முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். வெருட்டு வெறும் நாடகம் என்று பெடியன் ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடுவான். அதைவிடப் பெரிய பிரச்சினை, நாளைக்கு அவனுக்கு யாரும் ஏதும் செய்தால் (பெடியன் என்றாலும் நடக்கும்) பொலிசிடம் போய்ச் சொல்லவேண்டிய பிள்ளை அவன். அந்த வாசலுக்கு இப்போதே பயம் காட்டி வைப்பீர்களோ?

லாச்சிச் சில்லறை:
நான் பொதுவாக வாசித்துவிட்டுப் போகிற ஆள். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெடியன் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம், கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அப்பாவுக்குச் சந்தியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. பின்னேரங்களில் என்னை இருத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வருவார். காசு போடும் மேசை லாச்சியை இழுத்தால் கிரீச் என்று சத்தம் கேட்கும், சத்தம் வராமல் இழுப்பதற்கு மேல்பக்கமாகத் தூக்கிக்கொண்டு இழுக்கவேணும் என்று கண்டுபிடித்தேன். எடுத்த காசுக்கு என்ன வாங்கினேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள், பாதிக் காசுக்கு ஒன்றுமே வாங்கவில்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே ஒரு மீன்ரின்னில் போட்டுப் புதைத்து வைத்தேன். எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு, எல்லாவற்றையும் பெரியாட்கள் எண்ணி எண்ணித் தருகிற காலம், அந்த ரின் மட்டும் என் கையில் இருந்தது. இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது, அந்த நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிடிபட்டேன். அப்பா அடிக்கவில்லை. கடைக்கு வந்த சனத்துக்கு முன்னால் "இவர்தான் எங்கட வீட்டுக் கள்ளர்" என்று சிரித்துக்கொண்டு அறிமுகம் செய்துவைத்தார். பகிடி என்று நினைத்திருப்பார். அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. மச்சான்மார் கள்ளன் என்று கூப்பிட்டார்கள், சித்திமார் நான் வந்தால் காண்பாக்கைத் தூக்கி மடியில் வைத்தார்கள். 95 இடப்பெயர்வோடு கடை போனது, லாச்சி போனது, பெயர் போகவில்லை.

2012இல் தங்கச்சியின் கலியாணம். காலமை ஒரு சங்கிலியைக் காணவில்லை. அறைக்குள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லாருடைய கண்ணும் ஒரே தரத்தில் என் பக்கம் வந்துவிட்டுத் திரும்பியது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, நான் வங்கியில் வேலை, ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கில் மற்றவர்களின் காசை எண்ணுகிறவன். சங்கிலி பூத்தட்டத்தில் மல்லிகைச் சரத்துக்குள் சிக்கியிருந்தது, பத்து நிமிசத்தில் எடுத்தார்கள்.

அக்கா, அடிப்பதா விடுவதா என்பதை நீங்கள் பாருங்கோ. அண்ணாவுக்குக் கதை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு யாருக்குத் தெரியும்? அதை முதலில் நிப்பாட்டுங்கோ.

வடமராட்சிக்காரன்:
தம்பி எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பா அடித்திருந்தால் அந்தப் பெயர் வந்திராது என்றுதான் நான் சொல்லுவேன்.

லாச்சிச் சில்லறை:
அண்ணை, பெயரும் வந்திருக்கும், தழும்பும் வந்திருக்கும்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
மகள், முப்பது வருசத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். வகுப்பில் பென்சில் களவில் தொடங்கி சுற்றுலாவுக்குச் சேர்த்த காசு வரைக்கும் பார்த்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோவிக்க வேண்டாம்.

காசு கையில் அகப்பட்ட பிறகு "எடுத்தனியோ" என்று கேட்டிருக்கக் கூடாது. எடுத்தது உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும், அந்த இடத்தில் கேள்வி கேட்டால் பிள்ளை பொய் சொல்வதற்கு நீங்களே கதவு திறந்து விடுகிறீர்கள். களவோடு பொய்யும் சேர்ந்தது அப்படித்தான். "அம்மம்மாவின்ர பையில இருந்து இதை எடுத்திருக்கிறாய், இது திரும்பிப் போகவேணும்" என்று தொடங்கியிருக்கவேணும், கேள்விக்குறி இல்லாமல்.

இரண்டாவது உங்கள் அம்மா. அவவோடு கதைக்காமல் மகனோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை. பேரனைக் காப்பாற்றுகிறேன் என்று அவ சொன்ன அந்த ஒரு பொய், நாலு அடியையும் இல்லாமல் செய்துவிட்டது. அவவும் பாவம், தன் காசால் பிள்ளைக்கு அடி விழப்போகிறதே என்று பயந்திருப்பா. அடி விழாது என்று நீங்கள் சத்தியம் பண்ணிக் குடுத்தால்தான் அவ உண்மை கதைப்பா. அண்ணாவிடமும் சொல்லிவிடுங்கோ, பட்டியைக் கழற்றுகிற வேலைக்கு இனி வரவேண்டாம் என்று.

காசை எண்ணி வையுங்கோ. பூட்டுங்கோ.

அதைவிட முக்கியம், காசு எங்கே போகிறது? நீங்கள் இவ்வளவு எழுதியும் அது ஒரு வரியில்கூட இல்லை. இரண்டாயிரம் ரூபா பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கரைந்திருக்கிறது, வீட்டுக்குப் புதுச் சாமான் ஒன்றும் வரவில்லை. எங்கோ ஓர் இடத்துக்குப் போகிறது. அதைக் கண்டுபிடியுங்கோ.

அந்த வேலைக்கு வந்த பிள்ளையின் வீட்டுக்கு எப்போது போகப்போகிறீர்கள்?

கொக்குவில் தாய்:
ரீச்சர், கடைசி வரியை வாசித்துவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டேன். போகவேணும்தான். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

பூட்டுகிறது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைக்குப் பயந்து பூட்டோ? அம்மாவும் கேட்டதும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு "நான் சாகட்டும், பிறகு எல்லாத்தையும் பூட்டு" என்கிறார்.

காசு எங்கே போகிறது என்று கேட்டேன். "தெரியாது" என்கிறான். உண்மையாகவே அதுதான் பதில், தெரியாது.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
பூட்டு அவனுக்குப் பயந்து இல்லை மகள். குழந்தை தவழும் வீட்டில் கிணற்றுக்குக் கட்டு இல்லாமல் விடுவீர்களோ? கொஞ்ச மாதத்துக்கு அந்தச் சோதனை அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும், அவ்வளவுதான்.

ரொறன்ரோ பெடியன்:
அக்கா, போன் கேமாக இருக்கும், ஷுவர். எங்கள் அக்காவின் மகன் ஃப்ரீ ஃபயர் கேமில் டயமன் வாங்குவதற்கு அவவின் கார்ட்டில் இழுத்தான். ஊரில் என்றால் போனுக்கு ரீலோட் போட்டும் வாங்கலாம், கடையில் காசைக் குடுத்து அடுத்தவனின் நம்பருக்குப் போடச் சொன்னால் முடிந்தது. பெடியன் யாருடைய போனில் விளையாடுகிறான் என்று பாருங்கோ.

கொக்குவில் தாய்:
அவனிடம் போன் இல்லை தம்பி. என் போனில் ஸும் வகுப்பு மட்டும்தான், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது. ஆனாலும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

சுன்னாகம் 77:
இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பிழை. இந்தப் பிள்ளைக்கு அது இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இதை வாசிக்கிற மற்ற அம்மாமாருக்காக எழுதுகிறேன். பதினைந்து பதினாறு வயதில் காசு மட்டும் இல்லாமல் சாமானும் போகத் தொடங்கினால், பித்தளைக் குத்துவிளக்கு, தண்ணி மோட்டர், ஹோசைக்கூடக் கழற்றி விற்கிற நிலை வந்தால், நித்திரையும் சாப்பாடும் தலைகீழாக மாறினால், அது களவுப் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐஸ் என்கிற போதைப்பொருளும் ஹெரோயினும் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தேவை இல்லை. என் அண்ணர் வீட்டில் வெண்கலச் செம்பு ஒன்று போனபோது "பெடியன் பகிடிக்கு ஒளிச்சு வைச்சிருப்பான்" என்றார்கள். ஆறு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டு இருந்தார்கள். அந்த ஆறு மாதத்தைத்தான் இப்போதும் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள்.

பிரதேச செயலகப் பக்கம்:
நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன், எந்த இடம் என்று கேட்க வேண்டாம்.

ஐந்து வயதுப் பிள்ளை மற்றவனின் கார் பொம்மையைக் காற்சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் களவு இல்லை, "என்னுடையது", "அவனுடையது" என்ற கணக்கு அந்த வயதில் முழுதாக ஏறியிருக்காது. பதினொரு வயதில் விளங்கும். விளங்கியும் எடுக்கிறான் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அந்தப் பிழையைவிடப் பெரிதாக அவனை அமத்துகிறது. கூட்டாளிமார், யாராவது வெருட்டிக் காசு கேட்பது, அப்பா இல்லாத வீடு, பொறாமை, சும்மா ஒரு ஆசை, எதுவாகவும் இருக்கலாம். வெருட்டிக் காசு கேட்பதை மட்டும் கட்டாயம் விசாரியுங்கோ. அப்படி இருக்கும் பிள்ளை அடித்தாலும் வாய் திறக்காது, ஏனென்றால் வெளியில் இருக்கிறவனின் அடி இதைவிடப் பயம்.

நான் எப்போது யோசிப்பேன் என்றால், களவோடு சேர்த்து மிருகங்களை வதைப்பது, சண்டை, வீட்டை விட்டு ஓடுவது, நெருப்பு வைப்பது என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால். அப்போது வைத்தியரிடம் காட்டவே வேணும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலை, காசு இல்லை. அதற்கு முதல் படியாக உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், போய்க் கதைக்கலாம். பிள்ளையை யாரோ வெருட்டுகிறார்கள் என்று தெரிந்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

மனநலப் பிரிவு என்றதும் "பைத்தியம் எண்டு எழுதிப்போடுவினம்" என்று பயப்படாதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அங்கே போகவேண்டிய தேவையே வராது என்று நினைக்கிறேன்.

கொக்குவில் தாய்:
பன்னிரண்டு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்கவும், இங்கே சொன்னதை எல்லாம் செய்துபார்க்க நேரம் போய்விட்டது.

முதலில் அம்மாவோடு கதைத்தேன், மகன் பள்ளிக்கூடம் போன நேரம். அடி விழாது என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சொல்லிக் குடுத்த பிறகு அவர் கணக்குச் சொன்னார். நான் அறிந்தது மூவாயிரம், உண்மையில் ஏழாயிரத்து ஐநூறு. எல்லாம் தெரிந்துகொண்டு இருந்திருக்கிறார்! "கேட்டால் உன்ர கொண்ணன் அடிப்பான்" என்றார். ரீச்சர் சொன்னது அப்படியே.

மகன் வாய் திறந்தது வீட்டில் இல்லை. ரியூசன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும்போது, நான் ஓட அவன் பின்னால் கரியரில். முகம் பார்க்கத் தேவை இல்லாததாலோ என்னவோ, கோண்டாவில் பக்கம் வரும்போது தானாகச் சொன்னான். ரியூசன் இடைவேளையில் ஐந்து பெடியள் பக்கத்துக் கடைக்குப் போவார்களாம். எல்லாரும் ரவுணில் ஒன்றாம் வகுப்பில் இருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இவன் புதிதாக வந்தவன், முதல் தவணை முழுக்கத் தனியாகத்தான் நின்றிருக்கிறான். ஒரு நாள் அம்மம்மா குடுத்த 500க்கு (அது உண்மையாகவே குடுத்தது, வருசப்பிறப்புக் கைவிசேடக் காசு) எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் குடுத்திருக்கிறான். அன்றைக்குத்தான் கிரிக்கெட்டுக்குச் சேர்த்தார்களாம். அதற்குப் பிறகு இடைவேளை வந்தால் ஐந்து பேரும் இவனைப் பார்ப்பார்களாம். ஒருவரும் கேட்கவில்லை, வெருட்டவும் இல்லை. "பாப்பினம் அம்மா" என்றான். ரோல்ஸ், அதோடு குடிக்கவும் ஏதாவது, ஆறு பேருக்குக் கணக்குப் பாருங்கோ.

நான் சைக்கிளை நிப்பாட்டவில்லை. நிப்பாட்டினால் அழுதிருப்பேன்.

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "நீங்கள் ஒரு நாளுக்குத் தருவியள், ஒவ்வொரு நாளும் தருவியளே?" என்றான். பதில் இல்லை, தரமாட்டேன்தான்.

காசு திரும்பிப் போகவேணும் என்று சொல்லிவிட்டேன், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அம்மாவிடம் ஒன்பது கோழி நிற்கிறது. கூடு திறப்பது, தீன் வைப்பது, முட்டை எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் குடுப்பது இனி அவன் வேலை, முட்டைக் காசில் பாதி அம்மாவின் பைக்கு. ஒரு கொப்பியில் எழுதுகிறான், ஏழாயிரத்து ஐநூறு என்று மேலே எழுதி, ஒவ்வொரு தரமும் கழித்துக் கழித்து. இடைவேளைக்கு வீட்டில் சுட்ட வாய்ப்பன் குடுத்துவிடுகிறேன், ஆறு. இரண்டு பெடியள் சாப்பிட்டார்களாம், மூன்று பேர் கடைக்குப் போனார்களாம். சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவன் இப்போது கணக்குக் கொப்பி மாற்றி எழுதுகிறான்.

இவருக்கும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. பிறகு "அவனோட ஒவ்வொரு நாளும் நான் கதைக்கவேணும் போல கிடக்கு" என்றார்.

வேலைக்கு வந்த அக்காவின் வீட்டுக்கும் போனோம், அவனும் நானும். படலையைத் திறந்து வந்தவ எங்களைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றா. அவன்தான் சொன்னான், "நான்தான் எடுத்தனான் மாமி, அம்மா உங்களை நினைச்சிட்டா." நான் அதற்குப் பிறகு சொன்னது எல்லாம் தேவையில்லாத பேச்சு. தேத்தண்ணி தந்தா, சீனி போட்டு, முன்புபோலவே. ஆனால் இருக்கச் சொல்லவில்லை, நின்றுகொண்டே குடித்தோம். இனி வரமாட்டா. வேறு வீட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னா.

வடமராட்சிக்காரன்:
நல்லது தங்கச்சி. நான் முதலில் எழுதியதை முழுக்க வாபஸ் வாங்கமாட்டேன், ஆனால் சைக்கிள் கதை எனக்குத் தெரியாத வழி. ஒன்று கேட்கிறேன், அந்த மற்றப் பெடியளின் தாய் தகப்பனுக்குச் சொல்லவேண்டாமோ? மாதக்கணக்கில் இன்னொருவனின் காசில் தின்றிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
வேண்டாம் தம்பி. பதினொரு வயதுப் பெடியளுக்கு யார் வாங்கித் தந்தாலும் ரோல்ஸ் ரோல்ஸ்தான். சொன்னால் அடுத்த நாளே இவனுக்கு வகுப்பில் பெயர் விழும், மேலே ஒருவர் எழுதியதுதான் திரும்ப நடக்கும்.

லாச்சிச் சில்லறை:
அக்கா, அந்தக் கொப்பி முடிந்ததும் அதைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். பத்து வருசம் கழித்துப் பகிடிக்கு எடுத்துக் காட்டவும் கூடாது. அவன் கையாலேயே எரிக்கட்டும்.

கொக்குவில் தாய்:
சரி தம்பி.

ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நேற்று முட்டைக் காசில் நூறு ரூபா குறைந்தது. இரவு படுக்கப்போகும்போது வந்து, ஐஸ்கிறீம் வான் வந்ததாகவும் தானும் தங்கச்சியும் வாங்கியதாகவும் சொன்னான். கொப்பியில் கழிக்காமல் நூறைக் கூட்டி எழுதச் சொன்னேன், எழுதினான், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா சாப்பாட்டுக்கு வருகிறார். இந்தக் கதையை எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். "நான் ஏன் சொல்லப்போறன்" என்கிறார். அவரின் வாயைப் பற்றி எனக்குத் தெரியும், சோறு போடும்போது நான் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.